தெற்கு வாசலில் யாரும் ஏறுவதில்லை

அந்தச் சுரங்க ரயில் நிலையத்தில் எஸ்கலேட்டர் பழுது பார்ப்பவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. சம்பளம் போடுகிற இடத்தைத் தவிர வேறெங்கும் அது புழங்கவில்லை. டிக்கெட் கொடுப்பவர்கள், காவலாளிகள், துப்புரவுப் பெண்கள் எல்லோருக்கும் அவர் படிக்கட்டுதான். "படிக்கட்டு வந்தாச்சா?", "படிக்கட்டைக் கூப்பிடுங்கப்பா, வடக்கு வாசல்ல யாரோ செருப்பை விட்டுட்டாங்க." இப்படியே பேசிப் பேசி, அவரும் அந்தப் பெயருக்குத் திரும்பிப் பார்க்கப் பழகிவிட்டார். காரணம் பெரிய ரகசியமில்லை. இருபது வருஷத்துக்கு மேலாக எஸ்கலேட்டரோடு மல்லுக்கட்டும் அந்த மனிதர் ஒரு நாள்கூட அதில் ஏறிப் போனதில்லை. கையில் கருவிப் பை, இன்னொரு கையில் கிரீஸ் டப்பா என்று பக்கத்திலிருக்கும் கல் படிகளில்தான் ஏறுவார். சோதனைக்கு ஓடவிடும்போதுகூட, அதோடு சேர்ந்து கல் படியில் நடந்துகொண்டே காது கொடுத்துக் கேட்பார்.

வேலையில் குறை சொல்ல முடியாது. படிகள் தரைக்குள் போய் மறைகிற இடத்தில் பல் பல்லாக ஒரு தகடு இருக்கும். சீப்பு என்பார்கள். ரப்பர் செருப்பின் முனை, துப்பட்டா நூல், தலைமுடி, சில்லறைக் காசு என்று ஊரார் கைவிட்டதெல்லாம் அந்தச் சீப்பில்தான் வந்து சிக்கும். இவர் தரைத் தகட்டைத் தூக்கிவிட்டுக் குழிக்குள் இறங்கி, மண்டியிட்டு, ஒவ்வொன்றாக இடுக்கியால் பிடுங்கி எடுப்பார். ஏறி வரும்போது முதுகு ஒரு பக்கம், இடுப்பு ஒரு பக்கம் இழுக்கும். "போதும்டா சாமி" என்று ஒரு தடவை சொல்லிவிட்டு அடுத்த வாசலுக்கு நடப்பார். தினமும் சொல்கிற வார்த்தை என்பதால் யாரும் காதில் போட்டுக்கொள்வதில்லை.

அவருக்கு ஒரு கொள்கை இருந்தது. யாராவது ஓய்வாக அகப்பட்டால் போதும், ஆரம்பித்துவிடுவார். "கை காய வைக்க ஒரு மெஷின். ஏன், சட்டையில துடைச்சா காயாதா? பல்லு தேய்க்க மெஷின். உதிர்ந்த இலையை ஊதித் தள்ள மெஷின், அதுக்குப் பெட்ரோல் வேற. கதவு தானாத் திறக்குது, விளக்கு தானா எரியுது, போனை வருஷா வருஷம் மாத்தறான். இதெல்லாம் இல்லாம நம்ம அப்பன் தாத்தன் செத்தா போயிட்டாங்க?" அவர்கள் செத்துத்தான் போனார்கள் என்று டிக்கெட் கவுண்டரில் யாரோ ஒரு முறை சொன்னதற்கு இரண்டு நாள் பேசாமல் இருந்தார். விளையாட்டுக்குச் சொல்கிறவர் இல்லை. குழிக்குள் மோட்டார் விடுகிற அனலை முகத்தில் வாங்குகிறவர் அவர்தான். கோடைக்குக் கோடை வெயில் கூடிக்கொண்டு போவதற்கும், காலிப் படிகளைச் சுமந்துகொண்டு நாள் முழுக்கச் சுற்றும் அந்த மோட்டாருக்கும் உறவு உண்டு என்று அவர் மனதார நம்பினார். அதில் தப்பு ஒன்றும் இல்லை.

சொன்னதை வீட்டிலும் செய்தார். துணி துவைக்கும் இயந்திரத்தை விற்றார். "ரெண்டு பேர் துணிக்கு ஒரு மோட்டாரா?" தன் துணியைத் தானே துவைத்துக்கொண்டார், அந்த நியாயம் அவரிடம் உண்டு. ஆனால் போர்வை, திரைச்சீலை, தலையணை உறை எல்லாம் யார் துணி என்று அவர் யோசித்ததாகத் தெரியவில்லை. அவை அவர் மனைவியின் துணி ஆயின.

அவளோ பகலெல்லாம் துணியோடு மாரடிக்கிறவள். தெற்கு வாசலுக்கு எதிரே இருக்கும் பெரிய மருத்துவமனையின் சலவைக் கூடத்தில் வேலை. ஆள் உயர இயந்திரங்களிலிருந்து சூடாக வந்து விழும் விரிப்புகளை உதறி மடித்து அடுக்குவது. உட்காருவதற்கு இடமில்லை, உட்கார்ந்தால் மடிக்கவும் முடியாது. பிள்ளைகள் கல்யாணமாகித் தூரமாகப் போய்விட்டார்கள். வீட்டில் இருந்தால் சுவரைப் பார்த்துக்கொண்டு இருக்க வேண்டும். இங்கே மடிப்பு மேசையைச் சுற்றி ஐந்தாறு பெண்கள், வாய் ஓயாத பேச்சு, ஒருத்தி குழம்பை இன்னொருத்தி குறை சொல்வது. அந்த மேசை அவளுக்கு உயிர்.

முழங்கால் இரண்டும் கெட்டுப்போய் இரண்டு வருஷம் ஆகிறது. தட்டையான தரையில் நடந்துவிடுவாள். படி என்றால்தான் கால் மறுக்கும். வீடு கீழ்த்தளத்தில் என்பதால் புருஷனுக்கு விஷயம் தெரியாது. தைல வாசனைக்கு இடுப்பு வலி என்று காரணம் சொல்லி வைத்திருந்தாள். ரயில் நிற்கும் ஆழத்திலிருந்து தெற்கு வாசல் தெருவுக்கு ஏறவும் திரும்ப இறங்கவும் அவள் நம்பியிருந்தது, காலையில் மேலேயும் சாயங்காலம் கீழேயும் ஓடும் அந்த எஸ்கலேட்டரைத்தான். அது ஓடுகிறவரை அவளுக்கு மேசை உண்டு, நின்றால் மேசை இல்லை. கணக்கு அவ்வளவுதான்.

சொல்லியிருக்கலாமே என்று கேட்கத் தோன்றும். எப்படிச் சொல்வாள்? இந்த மனிதர் நிலையம் பூராவும் சொல்லிக்கொண்டு திரிந்தார். "என் வீட்டுக்காரியைப் பாருங்க. நாள் முழுக்க நின்னு வேலை செய்யறவ. ஒரு நாள் அதுல கால் வெச்சிருப்பாளா? கேட்டுப் பாருங்க." திட்டியிருந்தால்கூட எதிர்த்துப் பேசியிருப்பாள். பெருமைப்பட்டார், அதுதான் வினை. புகழ்ந்தே ஒரு மனுஷியின் வாயை அடைத்துவிட முடியும் என்பதை நான் இவரைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

அதனால் அந்தப் பெண்களுக்குள் ஒரு ஏற்பாடு. நெட்டை என்று அவர்கள் கூப்பிடும் ஒருத்தி, உயரமும் அதிகம் வாயும் அதிகம், ரயிலை விட்டு இறங்கியதும் முன்னால் போய்த் தூண் மறைவிலிருந்து எட்டிப் பார்ப்பாள். படிக்கட்டின் காக்கிச் சட்டை கண்ணில் படவில்லை என்றால் கையை ஆட்டுவாள். எல்லோரும் எஸ்கலேட்டரில் ஏறிப் போவார்கள். பட்டுவிட்டால் எல்லோரும் கல் படி. அவள் ஒருத்திக்காக மற்றவர்களும் ஏறினார்கள், அவளை நடுவில் விட்டு, பேச்சுக் கொடுத்துக்கொண்டு. அவர் அந்த நேரத்தில் பெரும்பாலும் வடக்கு வாசலில் இருப்பார் என்பதால் மாதத்துக்கு ஒன்றிரண்டு நாள்தான் இந்தச் சோதனை.

இப்படி இருக்கையில் மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தது. சுற்றுச்சூழலுக்காக ஒவ்வொரு நிலையமும் இல்லாமல் சமாளிக்கக்கூடிய இயந்திரம் ஒன்றை நிறுத்த வேண்டும். நிலைய மேலாளர், புதிதாக வந்திருந்த இளம் பெண், மரியாதை தெரிந்தவர், அவரைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார்.

"எதை நிறுத்தலாம்னு நீங்க சொல்லுங்க. உங்களுக்குத்தான் இதெல்லாம் தெரியும்."

இத்தனை வருஷத்தில் அவரிடம் ஒருவர் அபிப்பிராயம் கேட்பது அதுதான் முதல் தடவை. மனிதர் நாற்காலியை மேசைக்கு அருகில் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"முதல்ல அந்த விளம்பர டிவி எல்லாத்தையும் நிறுத்துங்க மேடம். ஆள் இல்லாத பிளாட்பாரத்துக்கு விடிய விடிய சோப்பு விக்குது."

"அது வருமானம் தருது. தொட முடியாது."

"உங்க ஆபீஸ் ஏசி?"

மேலாளர் சிரித்தார். "கம்ப்யூட்டருக்கு அது வேணும். வேற சொல்லுங்க."

வருமானம் தருவதைத் தொடக்கூடாது, அதிகாரிக்குக் குளிர்ச்சி தருவதைத் தொடக்கூடாது என்று கழித்துக்கொண்டே வந்தால் மிச்சம் என்ன இருக்கும்? சும்மா ஜனங்களைத் தூக்கிக்கொண்டு போகிறதுதான் இருக்கும். இது அவருக்கு உறைக்கவில்லை. தான் வெகு காலமாகச் சொல்லி வந்த இடத்துக்கே பேச்சு வந்து சேர்ந்ததில் அவருக்குச் சந்தோஷம்.

"தெற்கு வாசல் எஸ்கலேட்டர் தேவையில்லை மேடம். கூட்டம் எல்லாம் வடக்கால போகுது. அங்க ஏறுறவங்க கம்மி."

"நிச்சயமா?"

"ஒரு வாரம் நின்னு பாத்துட்டு வந்து சொல்றேன்."

அங்கேதான் எல்லாம் கெட்டது. வாய் வார்த்தையாகச் சொல்லிவிட்டுப் போயிருந்தால்கூட மேலாளர் வேறு யாரையாவது விசாரித்திருப்பார். இவர் நேர்மையானவர். ஊகத்தில் பேசமாட்டார். காக்கிச் சட்டையை மாட்டிக்கொண்டு, தெற்கு எஸ்கலேட்டரின் கீழ் முனையில், யார் ஏறுகிறார்கள் என்று பார்க்கப் பட்டப்பகலில் போய் நின்றார். படிக்கட்டு அங்கே நிற்கிறார் என்றால் யார் ஏறுவார்கள்? துப்புரவுப் பெண்கள் ஏறவில்லை. மருத்துவமனைக் காவலாளிகள், வாடிக்கையாக வரும் நோயாளிகளின் வீட்டார், இவருடைய பிரசங்கத்தை ஒரு தடவையாவது கேட்டவர்கள் ஒருவரும் ஏறவில்லை. எதற்கு வம்பு என்று நல்ல பிள்ளைகளாகக் கல் படிப் பக்கம் ஒதுங்கினார்கள். வழி தெரியாத வெளியூர்க்காரர்கள் மட்டும் ஏறினார்கள்.

சலவைக் கூடத்துப் பெண்களும் வந்தார்கள். நெட்டை எட்டிப் பார்த்துவிட்டுக் கையை ஆட்டவில்லை. அவர் மனைவி கைப்பிடிச் சுவரைத் தடவியபடி, முகத்தில் சிரிப்பைப் பூசிக்கொண்டு ஏறினாள்.

"என்னங்க, இன்னைக்கு இங்க நிக்கறீங்க?"

"சும்மா ஒரு கணக்கு. நீ போ, நேரமாச்சு."

அவள் நிற்காமல் ஏறி மறைகிறவரை பார்த்துக்கொண்டு நின்றார். பக்கத்திலிருந்த காவலாளியிடம், "பாத்தீங்களா?" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது என்று அந்தக் காவலாளி பிற்பாடு சொன்னார். மேலே போனவள் தெருவோரம் இருந்த கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுததை அவர் பார்க்கவில்லை. மறுநாளும் நின்றார், அதற்கு மறுநாளும் நின்றார். ஒரு வாரமும் அவள் ஏறினாள்.

"நானே கண்ணால பாத்துட்டேன் மேடம். தெற்கு வாசல்ல யாரும் ஏறுறதில்லை" என்று மேலாளரிடம் சொன்னார்.

எஸ்கலேட்டர் நின்றது. நின்றாலும் படிதானே, அப்படியே விட்டுவிடலாம் என்றார் மேலாளர். அதன் படிகள் கல் படியைவிட உயரம், தடுக்கி விழுவார்கள் என்று சொல்லி இவர் இரண்டு பக்கமும் பலகை அடித்தார். பலகையில் பச்சை நிறத்தில் ஒரு செடி வரைந்து, பூமிக்காக நிறுத்தியிருக்கிறோம் என்று எழுதி வைத்தார்கள். அந்தத் தொழிலில் இன்னொரு வழக்கம் உண்டு. உதிரிப் பாகம் கேட்டால் வருவதற்குள் மயிர் நரைத்துவிடும். ஆகவே நின்றுபோனதைக் கழற்றி ஓடுவதற்குப் போடுவார்கள். ஒரு மாதத்துக்குள் தெற்கு எஸ்கலேட்டரின் கைப்பிடிப் பட்டை வடக்குக்குப் போனது. பிறகு சங்கிலி போனது. பிறகு மோட்டார். எல்லாவற்றையும் அவரே கழற்றினார். வீணாகாமல் இன்னொன்றுக்கு உதவுகிறதே என்று அவருக்குத் திருப்தி.

அவள் வேறு வழிகளைப் பார்த்தாள். வடக்கு வாசலில் லிஃப்ட் இருந்தது. அதில் ஏறி வெளியே வந்தால் மருத்துவமனையின் மதில் சுவரை முழுக்கச் சுற்றிக்கொண்டு வர வேண்டும். அந்த நடைக்குப் பிறகு நின்று மடிக்கக் காலில் ஒன்றும் மிஞ்சாது. பஸ்ஸில் வந்து பார்த்தாள், இரண்டு பஸ் மாற வேண்டியிருந்தது, பஸ்ஸிலும் படி இருந்தது. கடைசியில் முன்கூட்டியே வீட்டைவிட்டுக் கிளம்பி, கல் படியில் கொஞ்சம் ஏறி, கொஞ்சம் உட்கார்ந்து, மறுபடி ஏறி என்று போகத் தொடங்கினாள். சலவைக் கூடத்து மேற்பார்வையாளர் அவள் நடையைப் பார்த்துவிட்டு, "முடியலைன்னா சொல்லிடும்மா, வேற ஆள் பாத்துக்கறேன்" என்றார். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். அவளுக்கு அது இடி விழுந்த மாதிரி இருந்தது.

ஒரு நாள் தெற்கு வாசலில் விளக்கு எரியவில்லை என்று மின்காரர் கூப்பிட, ஏணி பிடிக்கப் போனவர் படிகளின் நடுத் தட்டில் இரண்டு பெண்கள் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தார். ஒருத்தி நெட்டை. இன்னொருத்தி சேலையை முழங்காலுக்கு மேல் ஏற்றிவிட்டுக்கொண்டு இரண்டு கையாலும் அழுத்திக்கொண்டிருந்தாள். முழங்கால் பானை போல வீங்கியிருந்தது. அருகில் போன பிறகுதான் அது தன் மனைவி என்று தெரிந்தது.

அவள் சட்டென்று சேலையை இழுத்துவிட்டாள். "சும்மாங்க. செருப்பு கடிச்சுது, உக்காந்தேன்."

நெட்டைக்குப் பொறுக்கவில்லை. "போதும் நிறுத்துக்கா. யாருக்காக இன்னும் மறைக்கற?" என்று அவளை அடக்கிவிட்டு இவர் பக்கம் திரும்பினாள். "அண்ணே, ரெண்டு வருஷமா இவளுக்குக் கால் இல்லை. அந்த எஸ்கலேட்டர்லதான் வந்தா, போனா. நீங்க நிக்கறீங்களான்னு நான் எட்டிப் பாத்துச் சொல்லுவேன். ஒரு வாரம் காவல் நின்னீங்களே, அந்த ஒரு வாரமும் மேல வந்து மேசைமேல தலையைக் கவுத்துப் படுத்துட்டா. நாங்கதான் இவ பங்கையும் மடிச்சோம். யாரும் ஏறலைன்னு போய்ச் சொன்னீங்களாமே. நீங்க நின்னா யாரு அண்ணே ஏறுவா?"

அவர் மனைவியைப் பார்த்தார். அவள் தரையைப் பார்த்தாள். மேலே மின்காரர் ஏணிக்காகக் கத்திக்கொண்டிருந்தார். இவர் ஏணியை மறந்து, படியிறங்கி நேராக மேலாளர் அறைக்குப் போனார்.

"மேடம், நான் சொன்னது தப்பு. தெற்கு வாசல்ல ஜனங்க ஏறுறாங்க. திரும்ப ஓட விடணும்."

மேலாளர் எரிந்து விழவில்லை. அவரும் களைத்துப்போனவர்தான், காலையிலிருந்து நாலு புகார் பார்த்திருந்தார். "மேலிடத்துக்கு அனுப்பியாச்சு. பாராட்டு வந்திருக்கு. சரி, அதை நான் பேசிக்கறேன்னே வெச்சுக்குவோம். ஓட விட உள்ள என்ன இருக்கு?"

உள்ளே என்ன இருக்கிறது என்று அவரைவிட யாருக்குத் தெரியும்? வெறும் படிகளும் தூசியும் இருந்தன. வடக்கிலிருந்து திரும்பக் கழற்றினால் அது நின்றுவிடும், அங்கே ஊரே ஏறுகிறது. புதுசு கேட்டால் எப்போது வரும் என்று அவருக்கே தெரியும். "சரிங்க மேடம்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தார்.

சாயங்காலம் வீட்டில் அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள். அவர் அடுப்படி வாசலில் வந்து உட்கார்ந்தார்.

"ஏன் என்கிட்ட சொல்லலை?"

"சொல்லியிருந்தா என்ன சொல்லியிருப்பீங்க?"

அவர் யோசித்தார். என்ன சொல்லியிருப்பார் என்று அவருக்கு நன்றாகத் தெரிந்தது. நடந்தால் சரியாகிவிடும் என்று சொல்லியிருப்பார். அடுத்த வீட்டுக்காரி மூட்டு வலி என்றபோது அதைத்தான் சொன்னார்.

"வாஷிங் மெஷின் ஒண்ணு வாங்கிடலாம்" என்றார்.

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "மெஷின் வேணும்னு நான் எப்பவாவது சண்டை போட்டேனா? நீங்க சொன்னது எல்லாமே தப்புன்னு நான் நினைக்கலைங்க. கை காய வைக்கற மெஷினெல்லாம் எனக்கும் வேண்டாம். ஆனா எது இல்லாம இருக்கலாம்னு நீங்க சொல்லும்போது உங்க கால்ல நின்னுக்கிட்டே சொல்லிட்டீங்க." குக்கரை மூடி அடுப்பில் வைத்தாள். "அந்த மேசையை விட்டா எனக்குப் பைத்தியம் பிடிச்சுடும். போற வரைக்கும் போறேன்."

மறுநாள் வேலையைப் போட்டுவிட்டு, அவள் வரும் நேரத்துக்குப் பிளாட்பாரத்தில் கல் படியின் அடியில் போய் நின்றார். ரயில் வந்தது. பெண்கள் இறங்கினார்கள். நெட்டை அவரைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு மற்றவர்களோடு மேலே போனாள். அவர் மனைவியின் தோளிலிருந்து பையை வாங்கிக்கொண்டு கையை நீட்டினார்.

"பிடிச்சுக்கோ. மெதுவா ஏறலாம். எங்க வேணும்னாலும் உக்காந்துக்கலாம்."

அவள் கையைப் பிடித்தாள். நாலைந்து படி ஏறினார்கள். முதல் படியிலிருந்தே அவள் உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள், ஆனால் நிற்கவில்லை. "நில்லு" என்றார். நின்றாள், உடனே அடுத்த படியில் காலை வைத்தாள். "நில்லுன்னு சொல்றேன்ல" என்றார் மறுபடியும். அவள் மூச்சு வாங்கியபடி அவர் கையை விடுவித்துக்கொண்டாள்.

"நீங்க முன்னாடி போயிடுங்க."

"ஏன்? நான் பிடிச்சுக்கறேனே."

"இல்லைங்க. நீங்க பாத்துக்கிட்டிருந்தா என்னால நிக்க முடியலை. நில்லுன்னு நீங்க சொன்னாலும் கால் நிக்க மாட்டேங்குது. பழகிடுச்சு." அவள் குரலில் கோபமில்லை. "நீங்க போங்க. நான் என் பாட்டுக்கு வரேன்."

அவர் பையை எடுத்துக்கொண்டு ஏறினார். நடுத் தட்டில் திரும்பவில்லை. மேலே போய், அவளுக்குத் தன் முகம் தெரியாதபடி தெருவைப் பார்த்து நின்றுகொண்டார். அவள் வந்த ரயிலில் இறங்கியவர்கள் எல்லோரும் அவரைத் தாண்டிப் போய்விட்டார்கள். அடுத்த ரயிலில் வந்தவர்களும் போய்விட்டார்கள். அவர் திரும்பிப் பார்க்கவே இல்லை. அவள் வந்து சேர ரொம்ப நேரம் ஆயிற்று.